சரஸ்வதி கல்லில் பிறந்தாள், தெரியுமா?

உங்கள் வீட்டுப் பூஜை அறையில் ஒரு சரஸ்வதி படம் இருக்கும். வெள்ளைப் புடவை, மடியில் வீணை, பக்கத்தில் ஒரு மயில், உட்கார்ந்திருப்பதோ ஒரு பாறை மேல். சிவகாசியில் அச்சான காலண்டராக இருக்கலாம், தாத்தா காலத்துக் கண்ணாடிச் சட்டமாக இருக்கலாம். அந்தத் தோரணையை வரைந்து, அச்சேற்றி, வீடு வீடாக அனுப்பி வைத்தவர் திருவனந்தபுரத்துக்கு வடக்கே சுமார் 40 கிலோமீட்டரில் உள்ள கிளிமானூர்க்காரர், தெரியுமா? ராஜா ரவிவர்மா என்றால் எண்ணெய்ச் சாய ஓவியர் என்று எல்லோரும் சொல்லிவிடுவோம். அவர் ஓர் அச்சக முதலாளியும்கூட! 1894இல் பம்பாயில் ஜெர்மன் இயந்திரங்களை இறக்கி, ஜெர்மன் தொழில்நுட்பக்காரர்களை வைத்து அச்சகம் போட்டார் மனிதர். அங்கிருந்து வந்த முதல் படம் சகுந்தலையின் பிறப்பு. மேனகை குழந்தையை நீட்டுகிறாள், விசுவாமித்திரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை உயர்த்துகிறார். அதேதான்!

யார் கொடுத்த யோசனை தெரியுமா? திருவனந்தபுரத்தில் பஸ் ஏறியவர்களுக்கு 'ஸ்டேச்சு' என்ற நிறுத்தம் தெரிந்திருக்கும். தலைமைச் செயலகத்துக்கு எதிரே நிற்கும் ஒரு சிலையை வைத்து வந்த பெயர் அது. அந்தச் சிலைக்குரியவர் கும்பகோணத்தில் பிறந்த டி. மாதவராவ். திருவிதாங்கூருக்குத் திவான், பிறகு இந்தூருக்கு, அப்புறம் பரோடாவுக்கு. ஓய்வுபெற்றிருந்த அவர் 1884இல் ரவிவர்மாவுக்கு ஒரு கடிதம் எழுதினார். உங்கள் படம் வேண்டும் என்று கேட்பவர்கள் ஏராளம், நீங்கள் ஒருவர் எத்தனை வரைய முடியும், சில படங்களை ஐரோப்பாவுக்கு அனுப்பி ஓலியோகிராஃபாக அச்சடித்து வாங்குங்கள், உங்களுக்குப் பேரும் நாட்டுக்குச் சேவையுமாக இருக்கும் என்பது அதன் சாரம். ஐரோப்பாவுக்கு அனுப்புவானேன், இங்கேயே போட்டுவிடலாம் என்று ரவிவர்மா பத்து வருஷம் கழித்து இறங்கிவிட்டார். ஸ்டேச்சு ஸ்டாப்பில் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்களில் எத்தனை பேர், தங்கள் வீட்டு லட்சுமி படத்துக்குப் பிள்ளையார் சுழி போட்டவரின் எதிரில் நிற்கிறோம் என்று நினைத்திருப்பார்கள்?

இன்னொன்று கேளுங்கள். சிறுவன் ரவிவர்மா திருவனந்தபுரம் அரண்மனைக்கு ஓவியம் கற்க வந்தபோது அங்கே அரசவை ஓவியராக இருந்தவர் மதுரையிலிருந்து வந்த ராமசாமி நாயக்கர். வித்தையைச் சொல்லித்தர அவருக்கு மனம் வரவில்லை என்பார்கள். அவருடைய சீடர் ஆறுமுகம் பிள்ளைதான் ரகசியமாகச் சொல்லிக்கொடுத்தாராம். ஒரு தமிழர் மூடிய கதவை இன்னொரு தமிழர் திறந்துவிட்டிருக்கிறார்!

சரி, கல்லில் பிறந்தாள் என்று சொன்னேனே, அதற்கு வருகிறேன். லித்தோகிராஃப் என்ற அச்சுமுறையைக் கண்டுபிடித்தவர் அலோய்ஸ் செனஃபெல்டர் என்ற ஜெர்மன் நாடகாசிரியர். காசில்லாமல் தன் நாடகங்களைத் தானே அச்சடிக்க வழி தேடிக்கொண்டிருந்தவர். 1796 வாக்கில் அம்மா சலவைக்குப் போடும் துணிகளின் கணக்கைக் குறித்துக்கொள்ளச் சொல்ல, கையில் காகிதம் இல்லாததால் பக்கத்தில் கிடந்த சுண்ணாம்புக் கல்லில் எண்ணெய்ப் பசையுள்ள மையால் எழுதினாராம். அங்கே பிடித்தது பொறி! தண்ணீரும் எண்ணெயும் சேராது. கல்லில் எண்ணெய்க் கட்டியால் வரைந்துவிட்டு ஈரப்படுத்தினால், வரையாத இடம் தண்ணீரைக் குடித்துக்கொள்ளும், வரைந்த இடம் தண்ணீரைத் தள்ளிவிடும். இப்போது எண்ணெய் மையை உருட்டினால் மை எங்கே ஒட்டும்? வரைந்த இடத்தில் மட்டும். செதுக்கல் கிடையாது, குடைச்சல் கிடையாது. தட்டையான கல், அதன் மேல் வேதியியல். அவ்வளவுதான் லித்தோ!

இந்த வேலைக்கு உலகமே தேடிப் போன கல், பவேரியாவில் உள்ள சோல்ன்ஹோஃபன் குவாரிகளின் வழுவழுப்பான சுண்ணாம்புக் கல். அச்சுக்காகக் கல் வெட்டப் போன அந்தக் குவாரிகளில்தான் பறவைக்கும் டைனோசருக்கும் நடுவில் நிற்கும் ஆர்க்கியாப்டெரிக்ஸின் புதைபடிவம் கிடைத்தது! 1861இல் அதற்கு வைத்த முழுப்பெயரில் 'லித்தோகிராஃபிக்கா' என்ற சொல்லும் ஒட்டிக்கொண்டது. அச்சுத் தொழில் மட்டும் இல்லாவிட்டால் பரிணாமத்தின் அந்தச் சாட்சி எத்தனை காலம் மண்ணுக்குள் கிடந்திருக்குமோ!

ஓலியோகிராஃப் என்பது அந்த லித்தோவின் பல வண்ண வாரிசு. ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிக் கல். ஒரே தாள் ஒவ்வொரு கல்லின் மேலும் இம்மி பிசகாமல் விழ வேண்டும். பிசகினால் லட்சுமிக்கு இரண்டு மூக்கு! கடைசியில் வார்னிஷ் பூசி, கான்வாஸ் துணியின் நெசவு தெரிகிற மாதிரி அழுத்தமும் கொடுத்துவிடுவார்கள். தள்ளி நின்று பார்த்தால் அசல் எண்ணெய்ச் சாய ஓவியம் என்றே தோன்றும். ஓவியத்தின் முன்னால் அரசர்களும் திவான்களும் மட்டும் நின்ற காலத்தில், கோவில் கர்ப்பகிருகத்துக்குள் போக முடியாதவர்கள்கூட நடு வீட்டில் ஆணி அடித்துச் சாமியை மாட்டிக்கொண்டார்கள். இதைவிடப் பெரிய கலைப் புரட்சி இந்த நாட்டில் நடந்திருக்கிறதா என்று எனக்குச் சந்தேகம்தான்.

வியாபாரம் என்ன ஆயிற்று? பம்பாயில் பிளேக் பரவியது. அச்சகம் லோனாவாலா பக்கம் மளவ்லிக்கு இடம் பெயர்ந்தது. கடன் ஏறியது. 1900களின் தொடக்கத்தில், தன்னிடம் வேலை பார்த்த ஜெர்மானியர் ஃபிரிட்ஸ் ஷ்லைஷரிடமே அச்சகத்தை விற்றுவிட்டார் ரவிவர்மா. அந்த அச்சகத்துக்காக ஃபோட்டோ லித்தோ வேலை செய்த ஒருவர் பின்னாளில் 'ராஜா ஹரிச்சந்திரா' என்று ஒரு படம் எடுத்தார். 1913. தாதாசாகேப் பால்கே! இந்திய சினிமாவின் தகப்பனார் கையிலும் லித்தோ மை ஒட்டியிருந்திருக்கிறது. அச்சகக் கட்டடம் 1972இல் தீயில் அழிந்தது. அதில் போன கற்களை நினைத்தால் வயிறு எரிகிறது.

1979இல் ரவிவர்மாவின் ஓவியங்களைத் தேசியக் கலைப் பொக்கிஷம் என்று இந்திய அரசு அறிவித்துவிட்டது, நாட்டை விட்டு வெளியே கொண்டுபோக முடியாது. திருவனந்தபுரம் நேப்பியர் மியூசிய வளாகத்துக்குப் போனால் முள் எடுக்கும் சாக்கில் திரும்பிப் பார்க்கும் சகுந்தலையையும், அன்னத்தோடு பேசும் தமயந்தியையும் நேரில் பார்க்கலாம். 1935இல் திறந்த ஸ்ரீ சித்ரா ஆர்ட் கேலரி அங்கேதான் இருக்கிறது. 2023இல் அதே வளாகத்தில் ரவிவர்மாவுக்கென்றே தனிக் காட்சியகமும் வந்தாயிற்று. போகிறவர்கள் எல்லோரும் ஓவியத்தின் முன்னால் மெய்மறந்து நிற்கிறார்கள். அச்சுப் படம் என்று சொல்லிப் பாருங்கள், "ஓ, காப்பியா?" என்று நகர்ந்துவிடுவார்கள். இந்த 'காப்பியா?'தான் என் சண்டை!

ஏனென்றால் கலை உலகில் பிரிண்ட் என்று சொல்வது காப்பி இல்லை. ரவிவர்மாவின் ஓலியோகிராஃபில் முதலில் ஓவியம், பிறகு அதன் பிரதி. கலைஞரே செய்யும் பிரிண்ட்டில் முதலில் ஓவியம் என்று ஒன்று கிடையவே கிடையாது! அவர் தகட்டிலோ கல்லிலோ மரப் பலகையிலோதான் நேரடியாக வேலை செய்கிறார். தாளில் விழுவதுதான் முதல் படைப்பு. முப்பது தாள் அடித்தால் முப்பதும் அசல். 1960இல் வியன்னாவில் கூடிய சர்வதேசக் கலைஞர் மாநாடு இதற்கு விதியே எழுதியது. அச்சுப்பரப்பைக் கலைஞர் தானே உருவாக்க வேண்டும், கையெழுத்துப் போட வேண்டும், எத்தனை தாள் என்று குறிக்க வேண்டும். அதனால்தான் ஓர் எட்சிங்கின் கீழ் ஓரத்தில் பென்சிலால் 7/30 என்று எழுதியிருக்கும். முப்பதில் ஏழாவது. ஏ.பி. என்று இருந்தால் கலைஞர் தனக்கென்று எடுத்துவைத்த தாள். எடிஷன் முடிந்ததும் சிலர் தகட்டின் குறுக்கே கோடு கிழித்து அதைக் கொன்றே விடுவார்கள். இனி அடிக்க முடியாது! இந்த விதியின்படி பார்த்தால் ரவிவர்மாவின் சரஸ்வதி தேறமாட்டாள். எனக்கோ, எண் போட்ட முப்பது தாளைவிட எண்ணே போடாமல் ஊரெல்லாம் போன அந்தச் சரஸ்வதிதான் அச்சின் குணத்தைச் சரியாகப் புரிந்துகொண்டவள் என்று தோன்றுகிறது.

எட்சிங் என்றால் என்ன, எங்கோ வெளிநாட்டுச் சமாச்சாரமா? சட்டைப்பையில் இருக்கிறது! ஒரு 500 ரூபாய் நோட்டை எடுத்து காந்தி முகத்தின் மேல் விரல் நுனியால் தடவுங்கள். மேடு தட்டுப்படும். அதுதான் இன்டாலியோ அச்சு. எட்சிங்குக்குச் சொந்த அண்ணன். தகட்டில் பள்ளம் பறித்து, பள்ளத்துக்குள் மையைத் திணித்து, மேற்பரப்பைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, ராட்சச அழுத்தத்தில் தாளை உள்ளே புகுத்தினால், மை மேடாக எழுந்து நிற்கும். எட்சிங்கில் பள்ளம் பறிப்பது அமிலத்தின் வேலை. செம்புத் தகட்டில் மெழுகுப் பூச்சு, பூச்சின் மேல் ஊசியால் கோடு, பிறகு அமிலத் தொட்டிக்குள் முங்கல். கோடு விழுந்த இடத்தை அமிலம் கடிக்கும். எத்தனை நிமிஷம் கடித்ததோ அத்தனை கறுப்பு. ரெம்பிராண்ட் இப்படித்தான் செய்தார். கோயா போரின் கொடுமைகளை இப்படித்தான் தகட்டில் பொறித்தார். 1828இல் அவர் செத்துப் போனார், அந்தத் தொகுதி வெளியானது 1863இல்! ஆள் போனாலும் தகடு பேசும்.

நம் பாபநாசம் அருவிகூட லண்டனில் அச்சேறியிருக்கிறது, தெரியுமா? தாமஸ் டேனியல், அவருடைய சகோதரர் மகன் வில்லியம் டேனியல் என்ற இரண்டு ஆங்கிலேய ஓவியர்கள் 1792இல் திருநெல்வேலிச் சீமை வரை சுற்றி, பார்த்ததையெல்லாம் கோட்டோவியமாக எடுத்துப் போய், அக்வாடின்ட் முறையில் தகட்டில் ஏற்றினார்கள். பிசின் தூளைத் தகட்டில் தூவிச் சுட்டு, தூளின் இடுக்குகளில் அமிலத்தை விட்டு, நீர்வண்ணம் போன்ற மங்கல் சாயலைக் கொண்டுவரும் முறை அது. 1795இலிருந்து 1808 வரை மொத்தம் 144 தகடுகள். அதில் ஒன்று பாபநாசம்.

இன்னும் பின்னால் போகலாமா? திருவனந்தபுரத்தில் ரயில் ஏறினால் வடக்கே கொஞ்ச நேரத்தில் கொல்லம். 1578இல் அந்த ஊரில் அச்சான புத்தகம் 'தம்பிரான் வணக்கம்'. என்ரிக் என்ரிக்கஸ் என்ற பாதிரியார் போர்த்துகீசிலிருந்து மொழிபெயர்த்தது. மொத்தம் பதினாறே பக்கம். இந்திய எழுத்தில் இந்தியாவில் அச்சான முதல் புத்தகம், மொழி என்ன? தமிழ்! கொஞ்சம் எழுத்துகள் கோவாவில் வார்த்தவை, கொஞ்சம் கொல்லத்தில் வார்த்தவை. இன்று நமக்குத் தெரிந்து எஞ்சியிருக்கும் ஒரே பிரதி அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. பல பிரதி எடுப்பதற்காகவே பிறந்த ஒரு பொருள், கடைசியில் ஒற்றைப் பிரதியாகத் தங்குவதும் நடக்கிறது, பார்த்தீர்களா!

இப்போது நிஜமாகவே மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். உலக அச்சுக் கலையில் இந்தியர் ஒருவர் ஒரு புது முறையையே உருவாக்கிக் கொடுத்திருக்கிறார். கிருஷ்ண ரெட்டி. சித்தூர் மாவட்டத்துக் கிராமத்தில் 1925இல் பிறந்து, சாந்திநிகேதனில் படித்து, 1947 முதல் 1949 வரை சென்னையில் கலாக்ஷேத்ராவின் ஓவியப் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர். ஆமாம், ருக்மிணி தேவியின் கலாக்ஷேத்ராதான்! பிறகு லண்டனில் ஹென்றி மூரிடம் சிற்பம் படித்து, பாரிஸில் ஸ்டான்லி வில்லியம் ஹெய்ட்டரின் 'அதெலியே 17' பட்டறைக்குப் போய்ச் சேர்ந்தார். பல வண்ணம் வேண்டுமானால் பல தகடு வேண்டும் என்பதுதான் அதுவரை இருந்த வழக்கம். ரவிவர்மாவின் அச்சகத்தில் பல கல் வைத்ததுபோல. ஒரே தகட்டில், ஒரே அழுத்தலில் அத்தனை வண்ணமும் வர முடியாதா?

முடியும் என்று அந்தப் பட்டறையில் காட்டினார்கள். ரெட்டி அடிப்படையில் சிற்பி. தகட்டைத் தட்டையாக நினைக்கவில்லை, மேடும் சரிவும் பள்ளமுமாகக் குடைந்தார். முதலில் ஆழத்தில் ஒரு மை. அடுத்து, எண்ணெய் அதிகம் கலந்து இளக்கிய மையை இறுக்கமான ரோலரில் எடுத்து உருட்டினார், அது மேட்டில் மட்டும் படிந்தது. பிறகு கெட்டியான இன்னொரு மையை மெத்தென்ற ரோலரில் உருட்டினார். மெத்தென்றிருப்பதால் ரோலர் பள்ளத்துக்குள்ளும் இறங்கும். மேட்டில் இருக்கும் மையோடு கலந்து குழம்பிவிடாதா? விடாது! எண்ணெய் அதிகமாகிப்போன தோசைக்கல்லில் மாவு பிடிக்காமல் வழுக்கிக்கொண்டு போகுமே, அதேபோல இளகிய மையின் மேல் கெட்டி மை ஒட்டாது. பிறகு ஒரே ஒரு தரம் பிரஸ்ஸில் விட்டு எடுத்தால், தாள் வானவில்லாக வெளியே வரும். விஸ்காசிட்டி பிரிண்டிங் என்று உலகம் முழுக்கப் படிக்கிறார்கள். பம்பாயிலிருந்து போன கைக்கோ மோத்தியும் இந்தச் சோதனைகளில் ரெட்டியின் கூட்டாளி. சுழல், கோமாளி, அலை என்று ரெட்டி எடுத்த பிரிண்ட்டுகள் தாளில் படிந்த மை என்றே தோன்றாது, உள்ளிருந்து ஒளிர்கிற மாதிரி இருக்கும். 1972இல் பத்மஸ்ரீ. 2018இல் நியூயார்க்கில் காலமானார். சென்னையில் அவர் பெயரில் ஒரு தெருகூட இருப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை, போகட்டும்.

வண்ணத்தின் உச்சம் அது என்றால், மையே இல்லாமல் ஒரு பிரிண்ட்? சோமநாத் ஹோர் செய்தார்! 1943 வங்கப் பஞ்சத்தையும் தேபாகா விவசாயிகள் போராட்டத்தையும் கண்ணால் பார்த்து வரைந்த கம்யூனிஸ்ட் கலைஞர். 1970களில் களிமண் பலகையைக் கத்தியால் கீறி, சூட்டுக்கோலால் பொசுக்கி, அதிலிருந்து சிமென்ட் அச்சு எடுத்து, அதில் காகிதக் கூழை ஊற்றினார். காய்ந்து வந்தது வெள்ளைத் தாள். தாளின் உடம்பில் வெட்டுக் காயங்கள். மை சொட்டுக்கூட இல்லை. 'காயங்கள்' என்றே அந்த வரிசைக்குப் பெயர். முதல் தடவை பார்க்கிறவர்கள் வெற்றுத் தாளை மாட்டியிருக்கிறார்களே என்று நினைப்பார்கள். பக்கவாட்டில் வெளிச்சம் விழட்டும், அப்போது தெரியும்.

அதே பஞ்சத்தை வரைந்து, விவரமும் எழுதி, 'பசித்த வங்காளம்' என்று புத்தகமாகப் போட்டார் சித்தபிரசாத். 5,000 பிரதிகள் அச்சாயின. பிரிட்டிஷ் அரசு பறித்து எரித்துவிட்டது. ஓர் ஒற்றை ஓவியத்தைக் கண்டு எந்த அரசாவது இப்படிப் பயந்திருக்குமா? 5,000 என்ற எண்தான் பயமுறுத்தியது. லினோகட்டில் சித்தபிரசாத் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள் இன்றும் ஊர்வலப் பதாகைகளுக்கு முன்னோடி. லினோ என்பது என்ன தெரியுமா? தரையில் விரிக்கும் லினோலியம்தான். ஆளி விதை எண்ணெயும் தக்கைத் தூளும் கலந்து செய்த விரிப்பு. 1930 உப்புச் சத்தியாக்கிரகத்தின்போது கோலூன்றி நடக்கும் காந்தியை நந்தலால் போஸ் எடுத்தாரே, நாம் எல்லோரும் பார்த்த அந்தக் கறுப்புப் பின்னணிப் படம், அது லினோகட். பிரஸ்கூடத் தேவையில்லை, மையிட்ட லினோவின் மேல் தாளை வைத்துக் கரண்டியின் முதுகால் தேய்த்தாலே படம் விழும். ஒரே ஒரு தொல்லை, எல்லாம் இடம் வலமாக விழும். எழுத்தைச் செதுக்கினால் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திருப்பிச் செதுக்க வேண்டும். எத்தனை கெட்டிக்காரர்கள் இதை மறந்து தலையில் அடித்துக்கொண்டிருக்கிறார்கள்!

திருவனந்தபுரத்துக்கே திரும்புவோம். பாளையம் பக்கத்தில் உள்ள அரசு நுண்கலைக் கல்லூரி 1880களில் மகாராஜா நடத்திய கலைப் பள்ளியாகத் தொடங்கி 1975இல் கல்லூரியானது. அங்கே ஓவியம் படித்து 1980களின் தொடக்கத்தில் வெளியே வந்தவர் சுரேந்திரன் நாயர். அடுத்து அவர் பரோடா போனது எதற்கு? பிரிண்ட்மேக்கிங் படிக்க! புராணப் பாத்திரங்களை எடுத்து, அவர்களை நம் காலத்து அரசியலுக்குள் விடுகதைபோல நிறுத்திவைக்கும் இன்றைய பெரிய ஓவியர்களில் ஒருவர் அவர். அந்தத் துல்லியமான கோடும், தட்டையான பரப்பும், சின்னச் சின்னக் குறியீடுகளும் எட்சிங் பழகிய கையிலிருந்து வந்தவை என்றுதான் நான் நினைக்கிறேன். தகடு அழித்து எழுத விடாது. கோடு போடும் முன் பத்து முறை யோசிக்க வைக்கும்.

அதே கல்லூரியிலிருந்து வந்த கே.பி. கிருஷ்ணகுமாரும் நண்பர்களும் 1987இல் பரோடாவில் ராடிக்கல் ஓவியர், சிற்பிகள் கூட்டமைப்பாகத் திரண்டு, பணக்காரர் வீட்டுச் சுவருக்காகக் கலை செய்யமாட்டோம் என்று கொடி பிடித்தார்கள். திருவனந்தபுரம் மாவட்டம் ஆற்றிங்கலில் பிறந்த ஏ. ராமச்சந்திரன், கேரளப் பல்கலைக்கழகத்தில் மலையாள எம்.ஏ. முடித்துவிட்டு சாந்திநிகேதன் போனவர், பிரம்மாண்ட ஓவியங்களுக்கு நடுவே எட்சிங்கும் லித்தோவும் செய்துகொண்டேயிருந்தார். கூத்துப்பரம்பில் பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த கே.ஜி. சுப்ரமணியன் 1942இல் சிறைக்குப் போனதால் வேறு கல்லூரிக் கதவுகள் மூடிக்கொள்ள, சாந்திநிகேதன் போய், பின்னாளில் பரோடா மாணவர்களோடு சேர்ந்து குழந்தைகளுக்குப் படப் புத்தகங்கள் அச்சடித்து கலைச் சந்தையில் விற்றார். இன்று அவற்றின் ஒரு பிரதிக்கு ஆலாய்ப் பறக்கிறார்கள்.

தமிழ்நாட்டில்? தேவகோட்டையில் 1957இல் பிறந்த ஆர்.எம். பழனியப்பன்! போர் விமானம், பறக்கும் பாதை, எண்கள், அளவுகோல் என்று யாரும் தகட்டில் ஏற்ற நினைக்காத விஷயங்களை விஸ்காசிட்டி எட்சிங்கில் ஏற்றியவர். கோயில் கோபுரமும் மாட்டு வண்டியும் எதிர்பார்த்து வருகிறவர்கள் திகைத்துப் போவார்கள். அமெரிக்காவின் டாமரிண்ட் பட்டறையில் லித்தோ படித்தவர், சென்னை கிரீம்ஸ் சாலையில் உள்ள லலித் கலா அகாடமி மண்டல மையத்தை வருஷக்கணக்கில் நடத்தியவர். அந்த மையத்தின் கிராஃபிக் ஸ்டூடியோ ஏன் முக்கியம்? ஓவியனுக்கு அறையின் மூலை போதும், பிரிண்ட்மேக்கருக்கு டன் கணக்கில் எடையுள்ள பிரஸ், அமிலத் தொட்டி, புகை போக்கி, லித்தோ கல் எல்லாம் வேண்டும். யார் வீட்டில் இருக்கும்? ஆகவே எல்லோரும் ஒரே கூரையின் கீழ் வருகிறார்கள். ஒருவர் மை குழைக்க, இன்னொருவர் தாளை நனைக்க, மூன்றாமவர் சக்கரத்தைச் சுழற்ற, கூட்டு வேலையாக நடக்கிறது. நவீனக் கலையில் இவ்வளவு ஒத்தாசை வேறெங்கும் பார்க்க முடியாது. போபாலின் பாரத் பவன் 1989இலிருந்து சர்வதேச அச்சுக்கலைக் கண்காட்சி நடத்துகிறது. லலித் கலா அகாடமி 2018இல் அச்சுக்கென்றே முதல் பினாலே நடத்தியது.

கலை வகுப்புக்கே போகாத அச்சுக் கலைஞர்களும் நம்மிடம் உண்டு. கல்யாணப் பத்திரிகை அடிக்கும் ஸ்கிரீன் பிரிண்டிங் கடையில் வலையை மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டி, ரப்பர் கட்டையால் மையை இழுக்கிறார்களே, ஆண்டி வார்ஹோல் 1962இல் மர்லின் மன்றோ முகத்தை வரிசை வரிசையாக அடித்ததும் அதே வலை, அதே இழுப்பு! நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை வரையப் போய் கோவில்பட்டியில் தங்கிவிட்ட கொண்டையராஜு, சிவகாசி அச்சகங்களுக்கு வரைந்து தள்ளிய முருகனும் மீனாட்சியும் ரவிவர்மாவின் சரஸ்வதிக்குத் தமிழ்நாட்டில் பிறந்த தங்கை தம்பிகள். எந்த மியூசியமும் அழைக்கவில்லை, எல்லா வீடும் அழைத்தது.

உலகத்தில் மற்றவர்கள் செய்யும் கூத்தைக் கேட்டால் இன்னும் வாய் பிளப்பீர்கள். 1953இல் ராபர்ட் ராஷன்பெர்க் நியூயார்க்கில் இருபது தாள்களை ஒட்டி நீளமாகத் தெருவில் விரித்து, டயருக்கு முன்னால் கறுப்புப் பெயின்டை ஊற்றி, இசைக்கலைஞர் ஜான் கேஜை அவருடைய காரை அதன் மேல் நேராக ஓட்டச் சொன்னார். 22 அடி நீளத்துக்கு டயர் தடம்! அதுவும் பிரிண்ட்தான், சான்பிரான்சிஸ்கோ மியூசியத்தில் இருக்கிறது. அதில் தகடு எது, பிரஸ் எது, கலைஞர் யார் என்று இன்னும் வாதாடுகிறார்கள். சீனாவின் ஷூ பிங் சுமார் 4,000 எழுத்துகளைத் தானே கற்பனை செய்து, மரத்தில் ஒவ்வொன்றாகச் செதுக்கி, சுருள் சுருளாக அச்சடித்து 1988இல் பெய்ஜிங்கில் தொங்கவிட்டார். ஓர் எழுத்துக்கும் அர்த்தம் கிடையாது, அவராலேயே படிக்க முடியாது! அலிகரில் பிறந்து, கணிதம் படித்து, பாரிஸில் அதே ஹெய்ட்டர் பட்டறையில் பழகிய ஜரீனா ஹாஷ்மி 2001இல் ஒரு மரச்செதுக்கு செய்தார். வெளிர்த் தாள், குறுக்கே வளைந்து நெளியும் ஒரு கருங்கோடு. வேறெதுவும் இல்லை. ஊரும் இல்லை, ஆளும் இல்லை. அது இந்தியாவையும் பாகிஸ்தானையும் பிரித்த ராட்கிளிஃப் கோடு.

விலை என்ன போகும் என்று கேட்கத் துடிக்கிறீர்கள், தெரிகிறது. ஹொக்குசாய் 1831 வாக்கில் எடுத்த 'பேரலை' பிரிண்ட்டை அன்று ஜப்பானில் ஏறக்குறைய இரண்டு கிண்ணம் நூடுல்ஸ் விலைக்கு வாங்கிப்போனார்கள். 2023இல் அதன் ஒரு தாள் 27 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போயிற்று. இத்தனைக்கும் அது ஆயிரக்கணக்கில் அடித்த படம்! 2024 ஜூலையில் ஜப்பான் அரசு அதே அலையைப் புது 1,000 யென் நோட்டின் பின்பக்கம் போட்டுவிட்டது. மறுபடியும் அச்சு, மறுபடியும் எல்லோர் கைக்கும்.

அடுத்த முறை ஒரு கண்காட்சியில் பிரிண்ட் பார்த்தால் இரண்டு வேலை செய்யுங்கள். படத்தைச் சுற்றித் தாளில் ஒரு சதுரப் பள்ளம் அழுந்தியிருக்கிறதா என்று சாய்ந்து பாருங்கள், இருந்தால் அது தகட்டின் விளிம்பு, எட்சிங்கோ அதன் சகோதரமோ. பிறகு ஒரு பூதக்கண்ணாடியை, இல்லாவிட்டால் செல்போன் கேமராவை அருகே கொண்டுபோங்கள். பத்திரிகைப் படம் மாதிரி ஒழுங்கான புள்ளி வரிசை தெரிந்தால் அது ஆஃப்செட், கையெழுத்து எவ்வளவு பெரியதாக இருந்தாலும் எட்சிங் விலை கொடுத்துவிடாதீர்கள். ரவிவர்மாவின் பழைய ஓலியோகிராஃபிலும் புள்ளிகள் உண்டு. ஆனால் அவை ஒன்றுபோல ஒன்று இருக்காது, ஏனென்றால் அவற்றைக் கல்லில் வைத்தது கேமரா அல்ல, யாரோ ஒரு கைவினைஞரின் பேனா முனை.